கலியாணக் கேக்கும் பெயரில்லாத பிள்ளையும்

நாங்கள் ஒருத்தரும் ரோமுக்குப் போனதில்லை. போய் வந்த ஆக்களின் படங்களில்தான் அந்தக் கட்டடத்தை முதலில் பார்த்தோம். கொலோசியத்துக்கு முன்னால் ஒரு படம், வத்திக்கானில் ஒரு படம், பிறகு கண்ணைக் கூசவைக்கிற வெள்ளையில் ஒரு பெரிய மாளிகைக்கு முன்னால் ஒரு படம். 'இது ஆற்ற அரண்மனை?' என்று கேட்டால் படம் எடுத்தவருக்கே தெரியாது.

அது அரண்மனை இல்லை. கோயிலும் இல்லை. ஒரு அரசனுக்காகத் தொடங்கி, ஒரு நாட்டுக்காக என்று முடித்த நினைவுச்சின்னம். 'விற்றோரியானோ' என்பது அதன் பெயர். அகலம் 135 மீட்டர். உச்சியில் நிற்கிற தேர்களையும் சேர்த்தால் உயரம் 81 மீட்டர். ஒவ்வொன்றும் 15 மீட்டர் உயரமான 16 தூண்கள். இவ்வளவு செலவழித்துக் கட்டினதற்கு ரோம் சனம் வைத்த பட்டப்பெயர் 'கலியாணக் கேக்'. இன்னும் சிலர் 'ரைப்ரைட்டர்' என்பார்கள். தூண்வரிசையையும் படிகளையும் தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் சரி போலத்தான் இருக்கும்.

பகிடி ஒருபக்கம் இருக்கட்டும். இந்தக் கட்டடத்தின் இரண்டு பக்க முகப்புகளிலும் லத்தீன் மொழியில் இரண்டு வசனங்கள் பொறித்திருக்கிறார்கள். ஒன்று தாய்நாட்டின் ஒற்றுமைக்கு, மற்றது குடிமக்களின் சுதந்திரத்துக்கு. இரண்டுக்கும் மேலே வெண்கலத்தில் இரண்டு தேர்கள். ஒற்றுமைக்கு ஒன்று, சுதந்திரத்துக்கு ஒன்று. ஒரே உயரம், ஒரே அளவு. நூறு வருசத்துக்கு மேற்பட்ட இந்தக் கட்டடத்தின் கதையை வாசிக்க வாசிக்க எங்களுக்கு வந்த கேள்வி இதுதான்: கல்லில் சமமாக நிற்கிற இந்த இரண்டும் நிலத்திலும் சமமாக நின்றதா?

கதை 1861இல் தொடங்குகிறது. அதற்கு முதல் 'இத்தாலி' என்று ஒரு நாடு இருக்கவில்லை. சின்னச் சின்ன இராச்சியங்கள், நடுவில் பாப்பரசரின் ஆட்சிப் பகுதி, வடகிழக்கில் ஒஸ்திரியப் பேரரசு. மாஜினி, கரிபால்டி, கவூர் என்ற பெயர்களை எங்கேயாவது கேள்விப்பட்டிருப்போம். அவர்களின் காலத்தில், போராலும் இராஜதந்திரத்தாலும் இந்தத் துண்டுகள் ஒன்றுசேர்ந்தன. 1861 மார்ச் 17ஆம் திகதி இத்தாலி இராச்சியம் பிரகடனமானது. வடமேற்கில் பியட்மொன்ட்டை ஆண்டுகொண்டிருந்த விக்டர் இம்மானுவேல் அதன் அரசனானார்.

இங்கே ஒரு சின்ன விசயத்தைக் கவனிக்கவேணும். இத்தாலியின் முதலாவது அரசன் அவர். ஆனால் அவருடைய பெயர் 'இரண்டாம்' விக்டர் இம்மானுவேல். பழைய இராச்சியத்தில் இருந்த இலக்கத்தை அவர் மாற்றவில்லை. புது நாடு பிறந்தது என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு, மற்றப் பக்கம் பழைய அரசே பெருத்துக்கொண்டது என்றும் அந்த இலக்கம் சொல்லியது.

அந்த நாட்டில் அப்போது ஆர் இருந்தார்கள்? ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குச் சனத்துக்கு எழுத வாசிக்கத் தெரியாது. வாக்குரிமை இருந்தது சனத்தொகையில் 2 வீதமளவானவர்களுக்கு மட்டும். மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோவின் கணிப்பின்படி இத்தாலிய மொழியைப் பேசக்கூடியவர்கள் 2.5 வீதமளவில்தான். வேறு ஆய்வாளர்கள் அதைக் கொஞ்சம் கூட்டி, பத்து வீதம் வரைக்கும் சொல்லுகிறார்கள். எப்படிப் பார்த்தாலும், மிச்சச் சனம் வீட்டில் கதைத்தது சிசிலியன், நாப்பொலித்தன், வெனேசியன் மாதிரியான தங்கட மொழிகளை. தெற்கில் புது அரசென்றால் கனபேருக்கு அது புது வரியும் கட்டாய இராணுவ சேவையும்தான். 1860களில் அங்கே கிளம்பிய கலகங்களை, 'கொள்ளையரை அடக்குகிறோம்' என்று சொல்லிப் பெரும் படையை அனுப்பி அரசு நசுக்கியது. ஒற்றுமை வந்த விதத்தில் இதுவும் ஒரு பகுதி.

ரோம் கைக்கு வந்தது 1870 செப்ரெம்பர் 20இல். பாப்பரசரின் நகரத்து மதிலை உடைத்துக்கொண்டு இத்தாலியப் படை உள்ளே போனது. 1871இல் ரோம் தலைநகரானது. பாப்பரசர் ஒன்பதாம் பயஸ், தான் வத்திக்கானுக்குள் கைதியாக இருப்பதாகச் சொல்லிப் புது அரசை ஏற்கமறுத்தார். அந்தப் பிணக்கு 1929 வரைக்கும் தீரவில்லை. ஆக, புது அரசுக்கு ஒரு சங்கடம் இருந்தது. இரண்டாயிரம் வருசத்துக்கு மேற்பட்ட நகரத்தில் அது நேற்று வந்த ஆள். ஒரு பக்கம் சீசர்களின் இடிபாடுகள், மற்றப் பக்கம் புனித பேதுரு பேராலயத்தின் கூரை. இரண்டுக்கும் நடுவில் 'நாங்களும் இருக்கிறோம்' என்று காட்ட ஏதாவது பெரிதாக வேண்டியிருந்தது.

1878இல் அரசர் இறந்தார். அவருக்கு நினைவுச்சின்னம் கட்ட ஒரு சர்வதேசப் போட்டி வைத்தார்கள். முதற்பரிசு கிடைத்தது நெனோ என்ற பிரெஞ்சுக்காரருக்கு. இத்தாலிய ஒற்றுமையின் சின்னத்தை ஒரு வெளிநாட்டவர் கட்டுவதா என்று பிரச்சினை கிளம்பியது. அவருடைய திட்டத்தைக் கைவிட்டு இன்னொரு போட்டி வைத்தார்கள். அதில் வென்றவர் யூசெப்பே சக்கோனி. வயது முப்பதுதான். 1885 மார்ச் 22இல் அடிக்கல் நாட்டினார்கள்.

கட்டுவதற்குத் தேர்ந்தெடுத்த இடம் கப்பித்தோலியக் குன்றின் சரிவு. பழைய ரோமின் புனிதக் குன்று அது. அங்கே வெறுங்காணி இருக்கவில்லை. மூன்றாம் பவுல் பாப்பரசரின் பெயரில் இருந்த கோபுரம், அரா சேலித் தேவாலயத்தோடு சேர்ந்த துறவிமடம், சுற்றியிருந்த வீடுகள், ஒழுங்கைகள் எல்லாம் உடைபட்டன. முன்னால் நின்ற 'பலசெற்றோ வெனேசியா' என்ற பழைய மாளிகை பார்வையை மறைக்கிறது என்று, அதைக் கழற்றிக் கொஞ்சம் தள்ளி வைத்துத் திருப்பிக் கட்டினார்கள். நினைவைக் காப்பாற்றுவதற்கான சின்னம், ஏற்கெனவே அங்கே இருந்த நினைவுகளை அழித்துத்தான் எழும்பியது.

கல்லிலும் ஒரு கதை இருக்கிறது. ரோமின் பழைய கட்டடங்களுக்குப் பெரும்பாலும் பாவித்தது திராவெர்த்தீன் என்ற கல். வெயிலில் தேன் நிறமாக மங்கித் தெரியும். விற்றோரியானோவையும் அதில்தான் கட்ட நினைத்தார்கள். பிறகு வடக்கே பிரேஷியா மாகாணத்திலிருந்து பொத்திச்சீனோ என்ற வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்தார்கள். அந்த மாகாணத்தவரான சனார்தெல்லி என்ற செல்வாக்கான அரசியல்வாதி இந்த வேலையின் ஆணைக்குழுவோடு தொடர்புபட்டிருந்தார். ஊருக்கு ஒப்பந்தம் போனது பற்றி அப்போதே கதை அடிபட்டது. விளைவு எங்களுக்குத் தெரியும். சுற்றியிருக்கிற நகரம் முழுக்க மண் நிறம். நடுவில் இது மட்டும் சோப் போட்டுக் கழுவின மாதிரி.

வேலை முடியமுதலே, 1905இல் சக்கோனி இறந்துபோனார். நடுவில் நிற்கிற அரசரின் குதிரைச்சிலையைத் தொடங்கிய கியரதியாவும் 1901இல் இறந்திருந்தார். கல்லோரி என்ற சிற்பிதான் அதை முடித்தார். 12 மீட்டர் உயரம், 50 தொன் வெண்கலம். சிலை ஊற்றி முடிந்ததும், வேலை செய்தவர்களும் விருந்தாளிகளுமாக ஏறத்தாழ இருபது பேர் குதிரையின் வயிற்றுக்குள் மேசை போட்டு விருந்து சாப்பிட்ட படம் ஒன்று இருக்கிறது. எங்களுக்கு இந்தக் கட்டடத்தின் படங்களிலேயே அதுதான் மிகவும் பிடித்தது. அரசனின் குதிரைக்குள்ளே கொஞ்ச நேரம் வேலைக்காரர் இருந்து சாப்பிட்டார்கள்.

குன்றின்மேல் கல் ஏறிக்கொண்டிருந்த அதே வருசங்களில் சனம் நாட்டை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. 1876க்கும் 1915க்கும் இடையில் இத்தாலியிலிருந்து ஏறத்தாழ 14 மில்லியன் பயணங்கள் பதிவாகின. சிலர் திரும்பி வந்தார்கள், கனபேர் வரவில்லை. அமெரிக்கா, ஆர்ஜென்ரீனா, பிரேசில் என்று கப்பலேறினார்கள். 1911 ஜூன் 4ஆம் திகதி, ஐம்பதாவது ஆண்டு நிறைவுக் கொண்டாட்டங்களில், நினைவுச்சின்னத்தைத் திறந்துவைத்தார்கள். நாலு மாதம்கூடப் போகவில்லை, செப்ரெம்பர் 29இல் லிபியாவைப் பிடிக்க இத்தாலி போர் தொடுத்தது. தன்னுடைய விடுதலைக்குக் கல் எழுப்பின கையோடு இன்னொருவரின் நிலத்துக்குப் படை அனுப்பினார்கள்.

இதுவரைக்கும் இது ஒரு அரசனின் கட்டடம். சனத்துக்குப் பகிடி பண்ண மட்டும் உதவியது. அதை மாற்றியது ஒரு தாய்.

முதலாம் உலகப்போரில் இத்தாலி 1915 மே மாதம் இறங்கியது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட படையினர் இறந்தார்கள். அதில் பெருந்தொகையானோரின் உடல்களை அடையாளம் காண முடியவில்லை. 1920 நவம்பரில் பிரித்தானியாவும் பிரான்சும் பெயர் தெரியாத ஒரு சிப்பாயைத் தலைநகரில் அடக்கம் செய்தன. அடுத்த வருசம் இத்தாலியும் அதைச் செய்யத் தீர்மானித்தது. போர்முனைகளில் தேடி, அடையாளம் காணமுடியாத பதினொரு உடல்களை எடுத்து, வடகிழக்கில் உள்ள அக்குயிலேயா என்ற ஊரின் பழைய தேவாலயத்தில் பதினொரு பெட்டிகளில் வரிசையாக வைத்தார்கள். அதில் ஒன்றைத் தெரிவுசெய்ய, மகனைப் போரில் இழந்து உடலும் கிடைக்காத ஒரு தாயைக் கூப்பிட்டார்கள்.

அவருடைய பெயர் மரியா பெர்காமாஸ். ஊர் கிராதிஸ்கா. அந்த ஊர் போர் தொடங்கும்போது இத்தாலியில் இருக்கவில்லை. ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்தது. அவருடைய மகன் அந்தோனியோ அந்தப் பேரரசின் படையிலிருந்து தப்பியோடி இத்தாலியப் படையில் சேர்ந்தவர். பிடிபட்டால் தூக்குத்தான். அதனால் பொய்ப் பெயரில் சேர்ந்தார். 1916இல் இறந்தார். புதைத்த இடம் பிறகு நடந்த எறிகணை வீச்சில் குலைந்துபோக, எது அவருடைய புதைகுழி என்று தெரியாமல் போனது. யோசித்துப் பாருங்கோ. அந்தத் தாய்க்கு மகனின் உடல் இல்லை, குழி இல்லை. படைப் பதிவில் அவன் சேர்ந்தது அவர் வைத்த பெயரிலும் இல்லை.

1921 ஒக்ரோபர் 28. கறுப்பு உடுப்போடு மரியா அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் ஒவ்வொன்றாக நடந்தார். கடைசிப் பெட்டி வரைக்கும் அவரால் போக முடியவில்லை. பத்தாவது பெட்டிக்கு முன்னால் மகனின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு விழுந்தார். அந்தப் பெட்டியையே எடுத்தார்கள்.

பெட்டியை ஏற்றின ரயில் வெனிஸ், பொலோன்யா, புளோரன்ஸ் வழியாக மெதுவாக ரோமுக்குப் போனது. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் சனம் முழந்தாளிட்டு நின்றது. வடக்கில் ஒரு மொழி, நடுவில் ஒரு மொழி என்று பிரிந்திருந்த சனம். அரசர்களும் தளபதிகளும் அறுபது வருசமாகச் செய்யமுடியாததை அந்தப் பெட்டி நாலைந்து நாளில் செய்தது. ஏனென்றால் அதற்குள் கிடந்தது ஆருடைய பிள்ளையாகவும் இருக்கலாம். நவம்பர் 4ஆம் திகதி விற்றோரியானோவின் நடுவில், 'தாய்நாட்டின் பலிபீடம்' என்கிற இடத்தில், ரோம் தேவதையின் சிலைக்குக் கீழே அடக்கம் செய்தார்கள். முதல் தடவையாக அந்தக் கட்டடத்துக்குள் ஒரு சாதாரண மனிசன் வந்துசேர்ந்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லாயிருக்கும். முடியவில்லை. அக்குயிலேயாவில் மரியா விழுந்து சரியாக ஒரு வருசத்தில், 1922 ஒக்ரோபர் 28இல், முசோலினியின் கறுப்புச்சட்டைக்காரர் ரோமை நோக்கி அணிவகுத்தார்கள். அரசர் ஆட்சியைத் தூக்கி முசோலினியின் கையில் கொடுத்தார். ஒரு கிழமையில், நவம்பர் 4இல், அதே கல்லறைக்கு முன்னால் முசோலினி முழந்தாளிட்டார். பெயரில்லாத பிள்ளையால் 'எனக்காக இவர் பேசவேண்டாம்' என்று சொல்ல முடியாது. அதுதான் அதிகாரத்துக்கு வசதி.

அதற்குப் பிறகு அந்தச் சதுக்கம் முசோலினியின் மேடையானது. பக்கத்து வெனேசியா மாளிகையில் தன் அலுவலகத்தை வைத்தார். அங்கேயிருந்து கொலோசியத்துக்கு நேராக ஒரு அகலமான வீதி போட, நடுவில் இருந்த குடியிருப்பை உடைத்து ஆயிரக்கணக்கான சனத்தை நகரத்தின் வெளி ஓரங்களுக்கு அனுப்பினார். 1932இல் வீதி திறந்தது. அதன் பெயர் 'பேரரசு வீதி'. 1940 ஜூன் 10இல், அதே மாளிகையின் பல்கனியில் நின்று இரண்டாம் உலகப்போருக்குள் நாட்டைத் தள்ளினார்.

நாங்கள் முதலில் சொன்ன இரண்டு தேர்களும் மேலே ஏறினது எப்போது தெரியுமா? 1920களின் பிற்பகுதியில். அதாவது 1926 நவம்பரில் எதிர்க்கட்சிகளைத் தடைசெய்து, எதிர்க்கட்சி உறுப்பினர்களைப் பாராளுமன்றத்திலிருந்து வெளியேற்றி, பத்திரிகைகளை மூடின காலத்தில். கீழே சுதந்திரம் இல்லாமல் போன அந்த நாட்களில்தான் மேலே சுதந்திரத்தின் தேர் நாலு குதிரைகளோடு ஏறி நின்றது.

ஒற்றுமையின் தேர் என்ன செய்தது? போருக்குப் பிறகு இத்தாலிக்குக் கிடைத்த எல்லைப் பகுதிகளில் இலட்சக்கணக்கான ஸ்லோவேனியர்களும் குரொவேசியர்களும் ஜேர்மன் மொழி பேசுபவர்களும் இருந்தார்கள். 1923இலிருந்து அவர்களுடைய பள்ளிக்கூடங்களை இத்தாலிய மொழிக்கு மாற்றினார்கள். ஊர்ப்பெயர்களை மாற்றினார்கள். ஆக்களின் குடும்பப் பெயர்களைக்கூட இத்தாலியப் பெயர்களாக மாற்றினார்கள். மரியாவின் ஊரைச் சுற்றியிருந்த பிரதேசத்திலும் இதுதான் நடந்தது. ஒரு பெயரில்லாத பிள்ளைக்குக் காவல் நின்ற அரசு, உயிரோடு இருந்த பிள்ளைகளின் பெயர்களைப் பறித்தது. ஒற்றுமை என்ற சொல்லை ஆர் சொல்லுகிறார், ஆருக்குச் சொல்லுகிறார் என்று பார்க்காமல் அந்தச் சொல்லுக்குக் கைதட்டக்கூடாது என்று எங்களுக்குப் படுவது இதனால்தான். எங்கட தீவில் வளர்ந்த ஒருவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தாய்மாரின் துக்கத்தையும் அந்த அரசு விட்டுவைக்கவில்லை. 1935 ஒக்ரோபரில் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. நாடுகளின் சங்கம் பொருளாதாரத் தடை போட்டது. டிசெம்பர் 18இல், 'தங்கத்தைத் தாய்நாட்டுக்குக் கொடுங்கள்' என்று பெண்களைக் கூப்பிட்டார்கள். எலெனா அரசி முதலாவதாகப் போய்ப் பெயரில்லாத சிப்பாயின் கல்லறையில் தன் கலியாண மோதிரத்தைக் கழற்றிப் போட்டார். பின்னாலே முந்தைய போரில் புருசனையும் பிள்ளையையும் இழந்த பெண்கள். தங்கத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு இரும்பு வளையம் கொடுத்தார்கள். அந்தப் போரில் எத்தியோப்பியர்கள்மேல் நச்சுவாயு போட்டார்கள். பிள்ளையை இழந்த தாயின் மோதிரத்தை வாங்கி வேறு தாய்மாரின் பிள்ளைகளைக் கொன்றார்கள். அந்தக் கட்டடத்தின் வரலாற்றில் இதைவிடக் கொடுமையான நாள் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது, குன்றுக்குள்ளே இருந்த பழைய குகைகளையும் சுரங்கவழிகளையும் சனம் விமானக் குண்டுக்குப் பதுங்குகிற இடமாகப் பாவித்தது. மேலே வெற்றித் தேவதைகள், கீழே பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பயந்திருந்த ஆக்கள்.

போர் முடிந்தது. 1946 ஜூன் 2இல் அரசாட்சியா குடியரசா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். இத்தாலியப் பெண்கள் முதன்முறையாக நாடு தழுவி வாக்களித்தது அன்றுதான். 54 வீதமளவில் குடியரசு வென்றது. அரச குடும்பம் நாட்டை விட்டுப் போனது. ஆனால் குதிரை போகவில்லை. அரசனில்லாத நாட்டின் நட்டநடுவில் அரசன் இன்றைக்கும் குதிரையில்தான் இருக்கிறார்.

1969 டிசெம்பர் 12இல் மிலானில் ஒரு வங்கியில் வெடித்த குண்டில் 17 பேர் இறந்தார்கள். அதே பின்னேரம் விற்றோரியானோவிலும் குண்டுகள் வெடித்தன. முதலில் பழி அராஜகவாதிகள்மேல் விழுந்தது. பினெல்லி என்ற ரயில்வே தொழிலாளி விசாரணையின்போது பொலிஸ் நிலைய யன்னலிலிருந்து விழுந்து இறந்தார். மிலான் குண்டுக்குப் பின்னால் இருந்தது ஒரு நவபாசிசக் குழு என்று நீதிமன்றங்கள் சொல்ல பல வருசங்கள் எடுத்தன. அந்தக் குண்டுக்குப் பிறகு கட்டடத்தைச் சனத்துக்கு மூடிவிட்டார்கள். முப்பது வருசமளவில், இரண்டு காவலரும் ஒரு தீபமும்தான். 2000ஆம் ஆண்டு, ஜனாதிபதி சியாம்பியின் காலத்தில் திரும்பத் திறந்தது. 2007இல் பின்பக்கம் கண்ணாடி லிப்ற் பூட்டினார்கள். இப்போது ரிக்கட் எடுத்து மேலே போனால் முழு ரோமும் தெரியும். 'ரோமில் வடிவான காட்சி விற்றோரியானோவிலிருந்துதான், ஏனென்றால் அங்கேயிருந்து பார்த்தால் விற்றோரியானோ தெரியாது' என்று ரோம் ஆக்கள் இப்பவும் பகிடி விடுவார்கள்.

இந்தக் கட்டடத்தை வெறுக்கவேணுமா, மதிக்கவேணுமா? இதை எழுதின எங்களுக்குள்ளேயே ஒரு முடிவு வரவில்லை. ஒருவர், அது உடைச்ச வீடுகளுக்கு மேல் நிற்கிற ஒரு பொய் என்றார். இன்னொருவர், அழுவதற்கு ஒரு இடம் தேவைப்பட்ட சனத்துக்கு அது கொஞ்சக் காலமாவது ஒரு இடம் கொடுத்தது என்றார். இரண்டும் உண்மைதான். ஒன்றில் மட்டும் உடன்பட்டோம். கல்லுக்கு அர்த்தம் கொடுத்தது அதைக் கட்டின அரசு இல்லை, பெட்டிக்கு முன்னால் விழுந்த அந்த மனுசி. அந்த அர்த்தத்தைக் களவெடுக்க அரசுக்கு ஒரு வருசம் போதுமாக இருந்தது.

மிச்சப் பத்துப் பெட்டிகளுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அவற்றுக்கு ரயிலும் இல்லை, தேவதையின் சிலையும் இல்லை. அக்குயிலேயாவில், தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள படையினர் மயானத்திலேயே அடக்கம் செய்தார்கள். மரியா பெர்காமாஸ் இறந்த பிறகு அவரையும் அங்கே, அந்தப் பத்துப் பேரோடு அடக்கம் செய்தார்கள். அவர் இருப்பது ரோமின் வெள்ளைக் கல்லில் இல்லை. தான் தெரிவுசெய்யாமல் விட்ட பிள்ளைகளுக்குப் பக்கத்தில்.

ஆராவது ரோமுக்குப் போனால் விற்றோரியானோவுக்கு முன்னால் படம் எடுங்கோ. நாங்களும் போனால் எடுப்போம். ஆனால் வசதி கிடைத்தால் அக்குயிலேயாவுக்கும் போய்ப் பாருங்கோ.